'அடோலசென்ஸ்' தொடரை ஒன்பதாவது படிக்கும் பையனோடு உட்கார்ந்து பார்க்கலாமா?

கெடிலக்கரை, கடலூர்:

வணக்கம். எனக்கு ஒரே பையன், 14 வயது. மஞ்சக்குப்பத்தில் வீடு, சிப்காட்டில் ஷிப்ட் வேலை. போன வாரம் ஒருநாள் இரண்டாவது ஷிப்ட் முடித்து வந்தவன் தூக்கம் வராமல் நெட்ஃபிளிக்ஸில் 'அடோலசென்ஸ்' முதல் எபிசோடைப் போட்டேன். மொத்தமே நாலுதான், நாலையும் முடித்துவிட்டு எழுந்தபோது விடியப் போகிறது. இன்னும் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கதையைச் சொல்லாமல் என் கேள்வியைக் கேட்க முடியாது.

இங்கிலாந்தில் ஒரு சாதாரண வீடு. அப்பா பிளம்பர். காலை ஆறு மணிக்குப் போலீஸ் கதவை உடைத்துக்கொண்டு வந்து ஜேமி என்ற 13 வயதுப் பையனைப் படுக்கையிலிருந்து எழுப்பிக் கைது செய்கிறது. அவனோடு படித்த கேட்டி என்ற பெண்ணைக் கத்தியால் குத்திக் கொன்றான் என்று வழக்கு. பயத்தில் பையன் கால்சட்டையிலேயே சிறுநீர் போய்விடுகிறது. அவன் செய்தானா இல்லையா என்று இழுக்கும் கதை இல்லை இது, முதல் எபிசோடு முடிவதற்குள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்க அந்த சிசிடிவி காட்சியைக் காட்டிவிடுகிறார்கள். மிச்சம் மூன்று எபிசோடும் ஏன் செய்தான் என்பதுதான்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது நாலாவது. அப்பாவின் ஐம்பதாவது பிறந்தநாள். அவர் வேனில் யாரோ அசிங்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள், அதை அழிக்கப் பெயின்ட் வாங்கப் போகிறார்கள், அந்த நாளிலேயே பையன் போன் செய்து குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போவதாகச் சொல்கிறான். அப்புறம் அப்பாவும் அம்மாவும் படுக்கையறையில் பேசுகிறார்கள். ஸ்கூல் விட்டு வந்தால் நேராக மாடிக்குப் போய் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவான், ராத்திரி ஒரு மணிக்கும் விளக்கு எரியும், கதவைத் தட்டினால் விளக்கு அணையும், ஆனால் ஒரு வார்த்தை பதில் வராது என்கிறார் அம்மா. அறைக்குள்தானே இருக்கிறான், பத்திரமாக இருக்கிறான் என்றுதான் இருவருமே நினைத்திருக்கிறார்கள்.

நான் எழுந்துபோய் என் பையன் அறை வாசலில் நின்றேன். எத்தனையோ ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து கதவுக்குக் கீழே அந்த வெளிச்சத்தைப் பார்த்து, சரி, வீட்டில் இருக்கிறான் என்று நிம்மதியாகப் படுத்திருக்கிறேன்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் அடித்தபோது எங்கள் தெருவில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. போனில் சார்ஜ் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அம்மாவோடு கேரம் ஆடிக்கொண்டே ஸ்கூல் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தான், யார் யாரோடு சண்டை, எந்த சார் எப்படி நடப்பார் என்று எல்லாம். அந்த இரண்டு நாளில் பேசியதில் பாதிகூட அதற்கப்புறம் அவன் எங்களிடம் பேசவில்லை.

என் கேள்வி இதுதான். இதை அவனோடு சேர்ந்து பார்க்கலாமா? என் மனைவி வேண்டவே வேண்டாம் என்கிறார். "இல்லாத எண்ணத்தை நாமளே போயி ஊட்டி விட்ட மாதிரி ஆயிடும்" என்கிறார். அந்தப் பயமும் எனக்குப் புரிகிறது. பார்த்தால் அப்புறம் அவனிடம் என்ன பேசுவது, எப்படி ஆரம்பிப்பது? போனைப் பிடுங்கு என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள், ஒருமுறை பிடுங்கிப் பார்த்தாயிற்று, கதவைச் சாத்துவது இன்னும் கூடியதுதான் மிச்சம்.

—

லாஸ்பேட்டை டீச்சர், புதுச்சேரி:

சார், உயர்நிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுத்து 17 வருடம் ஆகிறது. சேர்ந்தே பாருங்கள். தனியாக மட்டும் பார்க்க விடாதீர்கள்.

உங்களை நாலாவது எபிசோடு தூங்கவிடவில்லை, என்னை இரண்டாவது. போலீஸ்காரர் பாஸ்காம்ப் அந்த ஸ்கூலுக்கே விசாரிக்கப் போகிறார். ஜேமியும் கேட்டியும் இன்ஸ்டாகிராமில் நண்பர்கள், படத்துக்குக் கீழே அவள் எமோஜி போட்டிருக்கிறாள், நல்ல பழக்கம்தான் போல என்று முடிவு செய்துவிடுகிறார். அதே ஸ்கூலில் படிக்கும் அவருடைய சொந்த மகன் ஆடம் தனியாகக் கூப்பிட்டு, நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டு எல்லோர் முன்னாலும் நிற்கிறீர்கள், எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை என்கிற மாதிரி சொல்லி விளக்குகிறான். இதயத்தின் நிறத்துக்கு ஒரு அர்த்தம், சிவப்பு மாத்திரைக்கு ஒரு அர்த்தம், 100 என்ற எமோஜிக்கு ஒரு அர்த்தம். 80 சதவீதப் பெண்கள் 20 சதவீத ஆண்களைத்தான் விரும்புவார்கள், மிச்சப் பேருக்கு யாருமே கிடைக்கமாட்டார்கள் என்று இணையத்தில் சில ஆண்கள் பரப்பும் கணக்குதான் அந்த 100. அந்த எமோஜிகளால் கேட்டி அவனை 'இன்செல்' என்று சொல்லியிருக்கிறாள். எந்தப் பெண்ணும் சீந்தாதவன், அதனால் பெண்களை வெறுப்பவன் என்று அர்த்தம். அந்தப் பதிவுக்குப் பலர் லைக் போட்டிருக்கிறார்கள். பதின்மூன்று வயதுப் பையனைப் பற்றி!

ஒரு கொலை வழக்கின் அடிப்படை அங்கே ஒரு பையன் அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்ததால்தான் புரிகிறது. அந்தக் காட்சியை உங்களுக்காகவே எடுத்த மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். பையனோடு பார்க்கும்போது அந்த இடம் வந்ததும் நிறுத்தி, "எனக்கு இது சுத்தமா புரியல, உங்க கிளாஸ்ல இந்த மாதிரி எதுக்காவது வேற அர்த்தம் உண்டா?" என்று கேளுங்கள். நீங்கள் மாணவன், அவன் வாத்தியார். புத்திமதி சொல்ல உட்கார்ந்தீர்கள் என்றால் பத்து நிமிடத்தில் எழுந்து போய்விடுவான். எங்கள் ஸ்கூலிலும் போன வருடம் ஒரு பையனுக்கு அவன் பெயர் சொல்லாமல் ஒரே ஒரு எமோஜியை நோட்டில், போர்டில், பெஞ்சில் வரைந்து வைத்துக்கொண்டே இருந்தார்கள். நான் பார்த்துப் பார்த்து அழித்துக்கொண்டிருந்தேன். அது யாரைக் குறிக்கிறது என்று எனக்குத் தெரியவே மூன்று மாதம் ஆனது. அந்தப் பையன் அதற்குள் அடிக்கடி லீவு போட ஆரம்பித்திருந்தான். தெரியாமல் போனதே என்று இன்றைக்கும் மனது அடித்துக்கொள்கிறது.

மூன்றாவது எபிசோடு கடினம். ஒரு அறை, ஒரு மேசை, ஜேமியும் மனநல நிபுணர் பிரையனியும். அவனுக்கு ஹாட் சாக்லேட் கொண்டுவருகிறார், சாண்ட்விச்சில் பாதி தருகிறார், சாதாரணமாகப் பேசிக்கொண்டே இருக்கும் பையன் நொடியில் மாறி எழுந்து நின்று கத்துகிறான், திரும்பவும் குழந்தையாகிவிடுகிறான். கடைசியில் "என்னை உங்களுக்குப் பிடிக்குமா" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான். அதை ராத்திரியில் போடாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை பகலில் பாருங்கள், மேடமும் கூட இருக்கட்டும்.

மேடத்தின் பயத்துக்கு ஒரு பதில்: குத்துகிற காட்சியைக் கிட்டத்தில் வைத்தோ ரத்தத்தோடோ காட்டவில்லை. அதைவிடக் கொடூரமானது அவன் போனில் தானாகவே வந்து விழுந்துகொண்டிருக்கிறது.

—

முதுநகர் அம்மா, கடலூர் ஓ.டி.:

எனக்கு ஒரு பெண், பத்தாவது படிக்கிறாள். தம்பி, உங்கள் கவலை நியாயமானதுதான். ஆனால் உங்கள் பதிவிலும் டீச்சர் பதிலிலும் கேட்டி எத்தனை வரி வருகிறாள் என்று எண்ணிப் பாருங்கள்.

தொடரிலேயே இரண்டாவது எபிசோடில் பெண் போலீஸ் மிஷா இதைச் சொல்கிறார். எல்லோருக்கும் ஜேமியைத்தான் ஞாபகம் இருக்கும், கேட்டியை ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது, அதுதான் தனக்கு ஆத்திரமாக வருகிறது என்கிறார். சொன்ன மாதிரியே தொடரும் பையன் பின்னாலேயே போய்விட்டது. அவள் அம்மா அப்பா வீட்டை ஒருமுறைகூடக் காட்டவில்லை. அவளுடைய தோழி ஜேட் மட்டும்தான் கோபத்தோடு வந்து போகிறாள். என்னைக் கேட்டால் அது இந்தத் தொடரின் பெரிய குறை.

இன்னொன்றும் இருக்கிறது. மூன்றாவது எபிசோடைக் கவனமாகப் பாருங்கள். கேட்டியின் அரைநிர்வாணப் படம் ஒன்று ஏற்கெனவே பையன்கள் போன்களில் சுற்றியிருக்கிறது. அவள் அவமானப்பட்டுக் கிடக்கும் நேரம், இப்போது கேட்டால் மறுக்கமாட்டாள் என்று கணக்குப் போட்டுத்தான் ஜேமி அவளைத் தன்னோடு வெளியே வரக் கேட்கிறான். அந்த அளவுக்கு நான் இறங்கிவிடவில்லை என்று அவள் மறுக்கிறாள். எமோஜியெல்லாம் அதற்கப்புறம்தான். அவள் கேலி செய்தாள், அதனால் அவன் செய்தான் என்று பையன் புரிந்துகொண்டு எழுந்து போனால் நீங்கள் காட்டியதே வீண். அந்தப் படத்தை முதலில் யார் அனுப்பினார்கள், பார்த்தவர்கள் ஏன் சும்மா இருந்தார்கள், உன் குரூப்பில் வந்தால் நீ என்ன செய்வாய் என்று அவனிடம் கட்டாயம் கேளுங்கள்.

என் பெண்ணுக்கும் காட்டினேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஏம்மா, அந்தப் பொண்ணு யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். சொன்னால் முதலில் அவளைத்தான் திட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரியாதா என்ன. எனக்குப் பதில் வரவில்லை, அவளைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் அந்த மாதிரிப் படத்தை அனுப்புவது, பரப்புவது எல்லாம் நம் நாட்டில் போக்சோ சட்டத்திலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலும் குற்றம். சைபர் புகாருக்கு 1930, குழந்தைகளுக்கு 1098. இரண்டு எண்ணையும் பையன் போனில் போட்டு வையுங்கள். அவனுக்கு வேண்டாமென்றாலும் அவன் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு வேண்டியிருக்கலாம்.

—

ரெட்டியார்பாளையம் 19:

அண்ணா, நான் காலேஜ் இரண்டாம் வருடம். பாண்டியில்தான் படித்தேன். நீங்கள் கேட்டதற்குப் பையன் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஒன்பதாவது படிக்கும்போது நான் தூங்கி வழிகிற மாதிரி ஒரு போட்டோவை எடுத்து வாட்ஸ்அப் ஸ்டிக்கர் ஆக்கிவிட்டார்கள். கிளாஸ் குரூப்பில் யார் என்ன சொன்னாலும் பதிலுக்கு என் மூஞ்சி. அப்புறம் பக்கத்து செக்‌ஷனுக்குப் போனது, டியூஷன் குரூப்புக்குப் போனது, எனக்குப் பெயரே தெரியாத பசங்கள் பஸ் ஸ்டாப்பில் என்னைப் பார்த்து அதேபோல வாயைத் திறந்து காட்டினார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கவில்லை என்றால் இன்னும் நாலு ஸ்டிக்கர் வரும் என்று தெரியும். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு யார் யார் அனுப்பியிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பேன். அப்பா நான் கேம் ஆடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் அப்பா மறுநாளே ஸ்கூலுக்கு வந்து சத்தம் போடுவார். அவர் அன்பில்தான் செய்வார், ஆனால் அதற்கப்புறம் அந்த ஸ்கூலில் நான்தான் இருந்தாக வேண்டும். அந்த நேரத்தில் ஒரு சீனியர் அண்ணன் பெண்களைப் பற்றிக் கேவலமாகப் பேசும் வீடியோவாக அனுப்பிக்கொண்டே இருந்தார். நீ சிக்மா, அதாவது தனிக்காட்டு ராஜா, யாரையும் கண்டுகொள்ளாதே, பெண்கள் எல்லாம் இப்படித்தான் என்று வரும். பார்க்கும்போது யாரோ என் பக்கம் பேசுகிற மாதிரி இருந்தது. அதுதான் அதன் ஆபத்து என்று இப்போது தெரிகிறது. என்னைக் கேலி செய்த குரூப்பில் பெரும்பாலும் பையன்கள்தான், கோபம் மட்டும் பெண்கள் மேல் திரும்பியது. அது எப்படி என்று இன்றைக்கு வரைக்கும் யோசிக்கிறேன். முதுநகர் அக்கா சொன்னது ஆயிரம் மடங்கு சரி.

அதனால் ஒன்று மட்டும் செய்யுங்கள் அண்ணா. அவன் எதைச் சொன்னாலும் அவனைக் கேட்காமல் யாரிடமும் போகமாட்டேன் என்று பார்ப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள், சொன்னபடியும் இருங்கள்.

—

வில்லியனூர்க்காரன்:

இது நிஜமாக நடந்ததா? நம் ஊரில் 13 வயதுப் பையனை இப்படி இழுத்துப் போவார்களா?

—

கறுப்பு கோட்டு, கடலூர்:

ஒரே ஒரு வழக்கை வைத்து எடுத்ததில்லை. பையன்கள் பெண்களைக் கத்தியால் குத்தியதாக அங்கே வந்த செய்திகளைப் பார்த்து, ஏன் இப்படி ஆகிறது என்ற கேள்வியில் பிறந்ததாக ஸ்டீபன் கிரஹாம் சொல்லியிருக்கிறார். ஜாக் தோர்னோடு சேர்ந்து எழுதியவரும் அவர்தான், அப்பாவாக நடித்தவரும் அவர்தான்.

அங்கே பத்து வயதிலிருந்தே குற்ற வழக்கு போடலாம். இங்கே 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி 18 வயதுக்குள் இருந்தால் குழந்தைதான். லாக்கப்பில் வைக்கக்கூடாது, விலங்கு மாட்டக்கூடாது, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்னால் நிறுத்த வேண்டும். 16 வயது நிரம்பியவன் கொடிய குற்றம் செய்தான் என்றால்தான் பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்ற கேள்வியே வரும். ஜேமி வயதென்றால் அதிகபட்சம் மூன்று வருடம் சிறப்பு இல்லம். பெயர், படம், ஸ்கூல் எதையும் வெளியிடக்கூடாது, 74-வது பிரிவு. இதை யூடியூப் சேனல்கள் எல்லாம் எழுதி ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.

—

தேவனாம்பட்டினம் ரசிகன்:

சகோதரரே, பையனுக்கு வீடியோ எடுக்கும் ஆர்வம் இருந்தால் அந்த வழியாகக் கூப்பிடுங்கள், தானே வந்து உட்காருவான். ஒவ்வொரு எபிசோடும் ஒரே ஷாட், வெட்டே கிடையாது. நாம் பார்க்கும் இரண்டாவது எபிசோடு 13-வது டேக். அதன் முடிவில் கேமராவை அப்படியே டிரோனில் மாட்டிப் பறக்கவிட்டு, கொலை நடந்த இடத்தில் இறக்குகிறார்கள், அங்கே ஜேமியின் அப்பா பூ வைத்துக்கொண்டிருப்பார். ஜேமியாக நடித்த ஓவன் கூப்பருக்கு அதற்கு முன் நடித்த அனுபவமே இல்லை, எடுக்கும்போது 14 வயது, 2025 செப்டம்பரில் எம்மி விருது வாங்கும்போது 15. மூன்றாவது எபிசோடில் அவனுக்கு நிஜமாகவே கொட்டாவி வந்துவிட, பிரையனியாக நடித்த எரின் டோஹர்ட்டி "நான் போரடிக்கிறேனா" என்று அந்த நொடியே கேட்டுவிட்டார். அதை அப்படியே வைத்திருக்கிறார்கள். வெட்டு இல்லாததால் நமக்கும் தப்பிக்க இடமில்லை, அந்த அறையிலேயே இருந்தாக வேண்டும்.

—

கெடிலக்கரை, கடலூர்:

எல்லோருக்கும் நன்றி. முதுநகர் அக்கா, நீங்கள் சொன்ன பிறகு என் பதிவைத் திரும்பப் படித்தேன். கேட்டிக்கு நான் கொடுத்தது இரண்டு வரிதான். தப்புதான்.

சனிக்கிழமை லீவு போட்டேன். மூன்று பேரும் உட்கார்ந்தோம். ரெட்டியார்பாளையம் தம்பி சொன்ன வார்த்தையை முதலிலேயே சொன்னேன், பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. முதல் எபிசோடு முழுக்கப் போனைத் தொடவில்லை. ஜேமி சிறுநீர் போன இடத்தில் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான்.

இரண்டாவதில் ஆடம் விளக்கும் இடத்தில் நிறுத்தினேன். டீச்சர் சொன்ன மாதிரிதான் கேட்டேன். முதலில் "இதெல்லாம் இங்க இல்லப்பா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து ரிமோட்டை அவனே வாங்கி வைத்துக்கொண்டு, இங்கே வேற மாதிரி என்று ஆரம்பித்தான். முக்கால் மணி நேரம் பேசினான். என் மனைவி அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டார். பாதி வார்த்தை எனக்குப் புரியவில்லை, ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவனுக்கு அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் சில்வர் பீச்சுக்குக் கூட்டிப் போனேன். பாஸ்காம்ப் அந்த எபிசோடின் முடிவில் மகனை சிப்ஸ் சாப்பிடக் கூப்பிடுவாரே, அது ஞாபகம் வந்து சுண்டல் வாங்கினேன். அங்கே உட்கார்ந்துதான் சொன்னான். அவனுக்கு இல்லை, அவன் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு. அவள் முகத்தை எடுத்து வேறு உடம்பில் ஒட்டி ஒரு படம் சுற்றுகிறதாம். இவன் குரூப்பிலும் வந்திருக்கிறது. இவன் யாருக்கும் அனுப்பவில்லை, ஆனால் நிறுத்தச் சொல்லவும் இல்லை. "சொன்னா என்னையும் போடுவாங்கப்பா" என்றான். மூன்று வாரமாக இதை வைத்துக்கொண்டு தனியாக இருந்திருக்கிறான்.

அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஸ்கூலில் சொல்லலாம் என்கிறான், ஆனால் அவன் பெயர் வெளியே தெரியக்கூடாது. டீச்சர், முதலில் யாரிடம் போவது? கிளாஸ் டீச்சரா, ஹெச்எம்மா, நேராக 1098-ஆ?

—

லாஸ்பேட்டை டீச்சர், புதுச்சேரி:

சார், நாளைக்குக் காத்திருக்காதீர்கள், இப்போதே 1098-க்குக் கூப்பிடுங்கள், யார் சொன்னது என்று வெளியே சொல்லமாட்டார்கள். முகத்தை ஒட்டிய படமென்றாலும் அந்தப் பெண் மைனர், முதுநகர் மேடம் சொன்ன சட்டம் இதற்கும் பொருந்தும். படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள், எனக்கும் வேண்டாம், ஸ்கூலுக்கும் வேண்டாம். எந்த குரூப், எந்தத் தேதி என்று மட்டும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஸ்கூலில் ஹெச்எம்மிடம் நீங்கள் தனியாக, முடிந்தால் உங்கள் மனைவியோடு போங்கள், பையனை அன்றைக்கு வழக்கம்போல வகுப்புக்கு அனுப்பிவிடுங்கள். உங்கள் பக்கம் பள்ளிக்கல்வித் துறைக்கு 14417 எண்ணும் இருக்கிறது. அந்தப் பெண்ணின் வீட்டில் அவளைத் திட்டிவிடாமல் யாராவது ஒரு பெண் போய்ப் பேச வேண்டும். பையனுக்குத் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று தெரிந்தால் 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள்.

—

முதுநகர் அம்மா, கடலூர் ஓ.டி.:

அந்தப் பெண் வீட்டுக்கு நான் வருகிறேன் தம்பி. ஹெச்எம்மைப் பார்த்துவிட்டுத் தனிச்செய்தி அனுப்புங்கள். எந்த நேரமாக இருந்தாலும் சரி.